போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும் வீடு: எந்த ஃபில்டர் வாங்குவது, எப்படி மாட்டுவது?

மேடவாக்கம்_மாடிவீடு:
வணக்கம். மேடவாக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பில் கடைசி மாடிக்குக் குடி வந்திருக்கிறோம். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் இன்னும் வரவில்லை. போர் தண்ணீரும், கோடையில் வாங்கும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) விழுகின்றன. அங்கிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். குடிக்க இதுவரை 20 லிட்டர் கேன்தான். வீட்டில் 70 வயது மாமியாரும் மூன்று வயதுப் பையனும் இருக்கிறார்கள். கேனை எங்கே நிரப்புகிறார்கள், எப்படிக் கழுவுகிறார்கள் என்று தெரியாமல் குழந்தைக்குக் கொடுக்க மனசு ஒப்பவில்லை. அதனால் வீட்டிலேயே ஃபில்டர் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

கடைக்குப் போனால் ஆர்ஓ, யூவி, யூஎஃப், காப்பர், ஆல்கலைன் என்று அடுக்குகிறார்கள். "எல்லாம் சேர்ந்த மாடலை எடுங்க சார், கவலையே இல்லை" என்பதுதான் எல்லாக் கடையிலும் கிடைத்த பதில். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எது வாங்கலாம்? மாட்டும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிறுவாணிக்காரி:
நான் கோயம்புத்தூர். எங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர். அதில் உப்பு மிகக் குறைவு, ருசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட தண்ணீருக்கும் ஆர்ஓ (அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் மெஷின்) மாட்டச் சொல்லி வீடு வீடாக ஆள் வருகிறார்கள். இருக்கிற கொஞ்சநஞ்ச கால்சியம், மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதற்கு எதற்கு ஒரு மெஷின்? நாங்கள் கிருமியைச் செயலிழக்க வைக்கும் யூவி விளக்கும், நுண்துளைச் சவ்வான யூஎஃப்பும் மட்டும் உள்ளதை வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் கலங்கல் வரும்போது முன்னால் இருக்கும் ஸ்பன் கேண்டிலை (மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி) சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

உங்கள் தண்ணீர் வேறு மாதிரி என்பது புரிகிறது. இருந்தாலும் கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காக ஆர்ஓ வாங்காதீர்கள்.

கொதிநீர்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித்தான் குடிக்கிறோம். யாருக்கும் ஒன்றும் வந்ததில்லை. எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் ஒன்று போதும். மெஷினுக்கும் வருஷா வருஷம் ஏஎம்சிக்கும் (பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுக்கிற காசுக்கு எவ்வளவோ கேஸ் வாங்கலாம்.

பழைய_ஆய்வகத்தான்:
குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதிய இரண்டு பேரும் அவரவர் வீட்டுத் தண்ணீருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மேடவாக்கம் தம்பியின் சம்ப்பில் என்ன இருக்கிறது என்று நம் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் மெஷினைப் பற்றிப் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை.

தண்ணீரில் இருப்பதை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கிருமி. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும். யூவி விளக்கும் அதைச் செயலிழக்க வைக்கும், யூஎஃப் சவ்வு பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும். இரண்டாவது, கரைந்திருப்பது: உப்பு, ஃப்ளூரைடு, நைட்ரேட், ஆர்சனிக் போன்றவை. கொதிக்கவைத்தால் இவை போகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால் கொஞ்சம் அடர்த்திதான் கூடும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டும். மற்றதெல்லாம் தண்ணீரிலேயே இருக்கும். யூவி, யூஎஃப், கேண்டில் எதுவும் இந்த இரண்டாவது வகையைத் தொடாது. அதற்கு ஆர்ஓ மாதிரி வேறு வழிதான் வேண்டும்.

ஆகவே முதலில் பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் விசாரியுங்கள். ரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் நாலைந்து தடவை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அந்தப் பாட்டில் ஆகாது. கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். அதன் மூடியின் உள்பக்கம் கை படக்கூடாது. பிடித்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த மாதிரியை வைத்துக்கொண்டு வந்த முடிவை நான் நம்பமாட்டேன்.

கேட்க வேண்டியவை: டிடிஎஸ், மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃப்ளூரைடு, இரும்பு, கோலிஃபார்ம், இ.கோலி (கடைசி இரண்டும் பாக்டீரியா; இ.கோலி இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்). லாரித் தண்ணீர் வந்தவுடன் ஒரு தடவையும், போர் தண்ணீர் மட்டும் ஓடும்போது ஒரு தடவையும் எடுத்தால் நல்லது.

மேடவாக்கம்_மாடிவீடு:
ரொம்ப நன்றி சார். டிடிஎஸ் மீட்டர் ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கிறதே, அதை வைத்துப் பார்த்தால் போதாதா?

பழைய_ஆய்வகத்தான்:
வாங்கி வையுங்கள், பிற்பாடு உதவும். ஆனால் அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான். அதிலிருந்து கரைந்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த உப்பில் தீங்கில்லாத கால்சியம் எவ்வளவு, ஃப்ளூரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கிருமியையும் அது பார்க்காது. டிடிஎஸ் 150 காட்டுகிற தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கலாம்.

ஃபிட்டர்_தாம்பரம்:
அண்ணா, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்க வருகிறவர்கள் இரண்டு டம்ளர் வைத்து, இரண்டிலும் கம்பிகளை விட்டு, கரண்ட் கொடுப்பார்கள். உங்கள் குழாய்த் தண்ணீர் சில நிமிடத்தில் பழுப்பாகி மண்டி கட்டும், ஆர்ஓ தண்ணீர் அப்படியே நிற்கும். "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்பார்கள். அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. அந்த இரும்புக் கம்பி கரைந்து வருகிற துரு. உப்பு இருக்கும் தண்ணீர் கரண்டைக் கடத்தும், அதனால் கம்பி கரைகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் ஒன்றும் நடக்காது. சந்தேகமிருந்தால் அந்த ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளில் இந்த டெமோவைக் காட்டி மெஷின் விற்றுவிட்டுப் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

தருமபுரி_ஆசிரியர்:
சோதனைப் பட்டியலில் ஃப்ளூரைடைச் சேர்க்கச் சொன்னதற்காக ஆய்வக ஐயாவுக்குத் தனியாக நன்றி. எங்கள் மாவட்டத்தில் வகுப்பறையில் பிள்ளைகள் சிரித்தாலே தெரியும், பல்லில் பழுப்புக் கோடுகள். பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு கூடுதல். பல்லோடு நின்றால் பரவாயில்லை, பல வருடம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடித்துவிடும். இதற்காகவேதான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். காவிரித் தண்ணீர் வராத நாளில் மக்கள் மறுபடி போர் குழாய்க்குத்தான் போகிறார்கள்.

கொதிநீர் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சிக் குடித்தால் எதுவும் வராது என்று பொதுவாக எழுதாதீர்கள். எங்கள் ஊரில் தலைமுறையாகக் காய்ச்சிக் குடித்தவர்களும் இந்த நோயோடுதான் இருக்கிறார்கள்.

கொதிநீர்:
ஐயா, எங்கள் வீட்டுக்கு வருவது தாமிரபரணி. அதை மனதில் வைத்துத்தான் எழுதினேன். போர் தண்ணீருக்கு நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மெஷின் வைத்தவர்கள் அதற்கப்புறம் எதையுமே கவனிப்பதில்லை என்பது என் கவலை. மூன்று வருடமாகக் கேண்டில் மாற்றாத ஆர்ஓ தண்ணீரைச் சொந்தக்காரர் வீட்டில் குடித்திருக்கிறேன், ஒரே பாசி வாடை.

சுன்னாகம்_கிணறு:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைக்கிற விசயம் எங்களுக்கும் பொருந்தும். இங்கே சுண்ணாம்புக்கல் நிலம், வீட்டுக்கு வீடு கிணறு. மேலே ஊற்றுவதெல்லாம் கெதியாகக் கீழே இறங்கிவிடும். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் சேர்ந்து கிணற்றில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. தண்ணி பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், மணமும் இராது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகளில் இது பெரிய ஆபத்து, ரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கும். காய்ச்சினால் நைத்திரேற்று போகாது. எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்ஓ, மற்ற எல்லாத்துக்கும் கிணற்றுத் தண்ணிதான்.

மேடவாக்கம்_மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. முடிவு கையில் வந்துவிட்டது. போர் தண்ணீர் மட்டும் ஓடியபோது எடுத்தது: டிடிஎஸ் 1140, கடினத்தன்மை 520, குளோரைடு 390, நைட்ரேட் 28, ஃப்ளூரைடு 0.7, இரும்பு 0.2 (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்). கோலிஃபார்ம் இருக்கிறது, இ.கோலி இல்லை. லாரித் தண்ணீர் கலந்தபோது டிடிஎஸ் 700-க்குப் பக்கம், கோலிஃபார்ம் அதிலும் இருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பழைய_ஆய்வகத்தான்:
ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் பலவற்றுக்கு இரண்டு எல்லை உண்டு. முதலாவது, ஏற்கத்தக்கது. இரண்டாவது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது. டிடிஎஸ்ஸுக்கு 500, 2000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. உங்கள் மூன்றும் நடுவில் நிற்கின்றன. நைட்ரேட்டுக்கு 45 என்ற ஒரே எல்லைதான், சலுகை கிடையாது. நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். ஃப்ளூரைடு 1-க்குள், நல்லது. கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

உப்பு கரிக்கும், பருப்பு வேகாது, அதற்காக ஆர்ஓ நியாயம். சிறுவாணி அம்மா சொன்ன 500 என்ற கணக்குப்படியும் உங்களுக்குத் தடையில்லை. ஆனால் உங்கள் உண்மையான பிரச்சினை கோலிஃபார்ம். அது சம்ப்பிலோ மாடித் தொட்டியிலோ வெளித் தண்ணீர் கலக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். ஆர்ஓவோடு யூவி அல்லது யூஎஃப் இருக்கட்டும். அத்தோடு விட்டுவிடாமல் சம்ப் மூடியையும் பாருங்கள். அந்தத் தண்ணீரில்தான் பையன் பல் தேய்க்கிறான், நீங்கள் காய்கறி கழுவுகிறீர்கள்.

ஃபிட்டர்_தாம்பரம்:
இனி மாட்டுவதைப் பற்றி. நீங்களே மாட்டினாலும் சரி, கம்பெனி ஆள் வந்தாலும் சரி, பக்கத்தில் நின்று இதையெல்லாம் பாருங்கள்.

இடம்: சிங்க்குக்குப் பக்கச் சுவர் நல்லது. அடுப்புக்கு மேலே வேண்டாம், ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடமும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் டியூபில் பாசி பிடிக்கும். பிளக் பாயிண்ட் மெஷினுக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, ஒரு சொட்டு ஒழுகினாலும் நேராக அதில்தான் விழும். டிரில் போடும் முன் சுவருக்குள் போகும் கன்சீல்டு பைப் எந்த வழியாகப் போகிறது என்று பிளம்பரைக் கேளுங்கள். பொதுவாகக் குழாய்க்கு நேர் மேலே, நேர் கீழே ஓடும், அந்தக் கோட்டில் துளை போடவே கூடாது. டைல்ஸ் தாண்டும் வரை ஹாமர் மோடை அணைத்துவிட்டுத் துளையுங்கள், இல்லாவிட்டால் டைல் விரியும்.

இணைப்பு: சிங்க் குழாய் லைனில் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, அதற்கென்று தனி வால்வு வையுங்கள். கீசர் லைனில் மட்டும் எடுத்துவிடாதீர்கள், வெந்நீர் பட்டால் மெம்பரேன் (ஆர்ஓ சவ்வு) போய்விடும். சிங்க்குக்கு அடியில் இரண்டு லைனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் இப்படி மாற்றி எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

அழுத்தம்: உங்களுக்கு இதுதான் முக்கியம். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தரைத்தள வீட்டுக்கு அது வரும். நீங்கள் கடைசி மாடி, தொட்டி தலைக்கு மேலேயே. தண்ணீர் மட்டத்துக்கும் உங்கள் சமையலறைக்கும் நாலு மீட்டர் இருந்தால் 0.4 பார்தான். மெஷின் கையேட்டில் குறைந்தபட்ச உள்வரும் அழுத்தம் என்று போட்டிருப்பார்கள், அதை வாங்கும் முன் பாருங்கள். மெம்பரேனுக்கு வேண்டிய அழுத்தத்தை பூஸ்டர் பம்ப் கொடுத்துவிடும். ஆனால் பம்ப்புக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும். வெளியே மாட்டுகிற பிரீ ஃபில்டரின் ஸ்பன் கேண்டில் கொஞ்சம் அடைத்தாலே லோ பிரஷர் சுவிட்ச் மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். பம்ப் போச்சு என்று சொல்லிப் புதுசு தலையில் கட்டப் பார்ப்பார்கள். முதலில் அந்த ஸ்பன் கேண்டிலைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

முதல் ஓட்டம்: கார்பன் ஃபில்டரிலிருந்து கருப்புத் தூள் வரும். அது நிற்கும் வரை தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அப்புறம்தான் மெம்பரேனோடு சேர்க்க வேண்டும். அவசரத்தில் நிறையப் பேர் இதைச் செய்வதில்லை, அந்தத் தூள் போய் மெம்பரேனில் உட்கார்ந்துகொள்ளும். கையேடு சொல்கிறபடி முதலில் நிரம்பும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ராத்திரி எல்லா ஜாயிண்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டுப் படுங்கள். காலையில் எது நனைந்திருக்கிறதோ அதை மட்டும் கழற்றி மறுபடி மாட்டினால் போதும்.

சிறுவாணிக்காரி:
வேஸ்ட் தண்ணீரைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டர் போகிறது. லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் அதைச் சாக்கடையில் விடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

பழைய_ஆய்வகத்தான்:
நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். மேடவாக்கம் தம்பியின் 1140 டிடிஎஸ் போர் தண்ணீர் நாலு லிட்டர் உள்ளே போய், ஒரு லிட்டர் 80 டிடிஎஸ்ஸோடு வெளியே வந்தால், மீதி மூன்று லிட்டரில் மற்ற உப்பெல்லாம் சேர்ந்து சுமார் 1490 ஆகும். தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற, பாத்திரத்தை முதல் கழுவலுக்கு நனைக்க அது தாராளமாகப் போதும். தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் தங்கிச் செடி கருகும்.

ஃபிட்டர்_தாம்பரம்:
அக்கா சொல்வது ரொம்பச் சரி. வேஸ்ட் டியூபை ஒரு டிரம்முக்குக் கொண்டுபோங்கள். ஆனால் டியூப் முனையில் குழாய் வைத்து மூடாதீர்கள், தண்ணீர் மிச்சமாகட்டும் என்று எஃப்ஆரை (கழிவு நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) சின்னதாக மாற்றவும் சொல்லாதீர்கள். உப்பை அடித்துக்கொண்டு போகிற தண்ணீர் அதுதான், அது குறைந்தால் மெம்பரேன் மேல் உப்பு கட்டிவிடும். டிரம் இல்லாமல் சாக்கடைக்கு விடுவதாக இருந்தால், டியூபைக் கழிவுக் குழாய்க்குள் ஆழமாகச் செருகாமல் இடைவெளி விடுங்கள், அடைத்துக்கொண்டால் கழிவு பின்னோக்கி ஏறும்.

மேடவாக்கம்_மாடிவீடு:
மாட்டியாகிவிட்டது. ஆர்ஓ, யூவி இரண்டும் உள்ளது. வெளியே வரும் தண்ணீர் 75 காட்டுகிறது. ருசி சப்பென்று இருக்கிறது என்று மாமியார் குடிக்க மாட்டேன் என்கிறார். டிடிஎஸ் கன்ட்ரோலரைத் திருப்பி 200-க்கு வைக்கலாம் என்றார் மாட்ட வந்தவர். வைக்கலாமா? அப்புறம், சம்ப்பைத் திறந்து பார்த்தோம். மூடி ஒரு பக்கம் உடைந்து, மழைத் தண்ணீர் இறங்குகிற தடம் இருக்கிறது. அசோசியேஷனில் சொல்லி மூடி மாற்றுகிறோம். குளோரின் போட வேண்டுமா?

ஃபிட்டர்_தாம்பரம்:
1140-ல் 75 என்றால் 93 சதவீதம் நிறுத்துகிறது, மெம்பரேன் நன்றாக இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் தேதியோடு மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருதடவை அளந்து பாருங்கள். சர்வீஸுக்கு வருகிறவர் மெம்பரேன் போச்சு என்றால் அவர் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். யூவி விளக்கு அப்படியில்லை, நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே வீரியம் குறைந்திருக்கும். அதைக் கையேட்டில் சொன்ன காலத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய_ஆய்வகத்தான்:
கன்ட்ரோலர் என்பது ஆர்ஓ வழியாகப் போகாத தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலப்பது. உங்கள் பரிசோதனையில் ஃப்ளூரைடும் நைட்ரேட்டும் எல்லைக்குள் இருப்பதால், கலந்த தண்ணீர் யூவி வழியாகப் போய்த்தான் வருகிறது என்றால், பெரியவர் குடிக்கிற ருசிக்கு 150 வரை வைக்கலாம். லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று தெரியாத கோடை மாதங்களில் அதை மூடியே வைத்துவிடுங்கள். தருமபுரி ஆசிரியரும் சுன்னாகம் நண்பரும் கன்ட்ரோலர் இருந்தால் திறக்கவே வேண்டாம்.

சம்ப்பை முதலில் காலி செய்து, தேய்த்துக் கழுவுங்கள், மாடித் தொட்டியையும் சேர்த்து. அப்புறம் 1000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். திறந்து கிடந்த பழைய மூட்டையில் குளோரின் இருக்காது, புதிதாக வாங்குங்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு மேலே ஏற்றுங்கள். கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும், அதைப் பார்க்கச் சின்னப் பரிசோதனைப் பெட்டி கிடைக்கிறது. இன்னொன்று: குளோரின் மெம்பரேனை அரிக்கும். அதைத் தடுப்பது உங்கள் மெஷினில் இருக்கும் கார்பன் ஃபில்டர்தான். சம்ப்பில் குளோரின் போட ஆரம்பித்துவிட்டால் கார்பனை மாற்றும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிறுவாணிக்காரி:
மூடி மாற்றிக் கழுவியபிறகு கோலிஃபார்ம் மட்டும் மறுபடி பாருங்கள் தம்பி. முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், இதே மாதிரி சம்ப் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

மேடவாக்கம்_மாடிவீடு:
கண்டிப்பாகப் போடுகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சம்ப் கழுவ ஆள் சொல்லியாயிற்று, கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலும் வாங்கி வைத்துவிட்டேன்.